தனிப்படத்தின் தலையெழுத்தை எழுதுபவர் யார்?

சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பது நம் பழமொழி. வேண்டுவோன் ஒருவன், அருள்வோன் ஒருவன். இருவருக்கும் இடையே நிற்பவன் கதவைச் சாத்திவிட்டால் வேண்டுதலும் வீண், வரமும் வீண். கலைகளுள் இப்பழமொழி திரைப்படத்திற்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்தாது. கவிஞன் ஒருவன் தன் பாட்டை நண்பர் ஐவர் நடுவே பாடிக் காட்டலாம். ஓவியன் தன் படத்தை வீட்டுத் திண்ணையில் மாட்டி வைக்கலாம். திரைப்படம் எடுத்தவனோ அரங்கு கிடைத்தாலன்றித் தன் படைப்பை ஊருக்குக் காட்ட இயலாது. அரங்குக்கும் அவனுக்கும் இடையே விநியோகஸ்தர் என ஒருவர் நிற்கிறார்.

படம் ஒன்று தோற்றால் “மக்கள் விரும்பவில்லை” என்று எழுதிவிடுகிறோம். அத்துடன் வழக்கு முடிந்ததாகக் கருதுகிறோம். ஆனால் மக்கள் விரும்பவில்லை என்று கூறுமுன் மக்கள் கண்டனரா என்று கேட்டோமா? எத்தனை ஊர்களில், எத்தனை நாட்கள், எந்த வடிவில் அப்படம் காட்டப்பட்டது என்று வினவினோமா? வினவினால், மக்கள் பெயரால் வழங்கப்பட்ட தீர்ப்புகளுட் பல மக்கள் மன்றம் ஏறாமலே எழுதப்பட்டவை என்பது புலனாகும். அதனை மெய்ப்பிக்கும் ஓர் எடுத்துக்காட்டை ஈண்டு விரிவாகக் காண்போம்.

தனிப்படம் எது?

குறைந்த பணத்தில் எடுத்த படமே தனிப்படம் என்பர் சிலர். புதுமையான கதையுடைய படமே தனிப்படம் என்பர் வேறு சிலர். இரண்டும் முழு இலக்கணம் ஆகா. படத்தை எடுத்தவர் கையில் அரங்கின் திறவுகோல் இல்லையேல் அப்படம் தனிப்படம் என்று கொள்வதே பொருந்தும். செலவு பத்தாயிரமாக இருப்பினும் பத்துக் கோடியாக இருப்பினும் பிறர் கதவைத் திறந்துவிட்டால்தான் அது உள்ளே நுழைய முடியும்.

திறவுகோலின் வலிமையை முதலில் அறிந்துகொண்டவர்கள் அமெரிக்கப் பெருங்கம்பெனிகள். பாரமவுண்ட், எம்.ஜி.எம்., வார்னர், பாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்தும் படத்தைத் தாமே எடுத்தன, தாமே விநியோகித்தன, பெருநகரங்களின் சிறந்த அரங்குகளையும் தாமே வைத்திருந்தன. பிறர் அரங்குகளுக்குப் படம் கொடுக்கும்போதோ, ஒரு நல்ல படம் வேண்டுமாயின் வேண்டாத படங்கள் பலவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும் என்று கட்டுப்படுத்தின. நல்ல கத்தரிக்காயோடு சொத்தைக் கத்தரிக்காயையும் கூடையோடு தலையில் கட்டும் சந்தை வித்தை அது. 1948-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதனைக் கண்டித்தது. அரங்குகளை விட்டு விலகுமாறு கம்பெனிகள் பணிக்கப்பட்டன. அக்கட்டுப்பாடு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. காலம் மாறிவிட்டது என்ற காரணங்காட்டி 2020-இல் நீக்கப்பட்டது.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஷா, கேத்தே என்னும் இரு பெயர்களையும் நம் முந்திய தலைமுறையினர் படத்தின் தொடக்கத்திலும் கண்டனர். படமாளிகையின் முகப்பிலும் கண்டனர். படம் எடுத்தவரே அரங்கும் வைத்திருந்தால் பிறர் படத்துக்கு எந்த நாள், எந்த இடம் எஞ்சும் என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

கத்தரி, பூட்டு, முரசு

விநியோகஸ்தரின் கையில் மூன்று கருவிகள் உள. கத்தரி ஒன்று, பூட்டு ஒன்று, முரசு ஒன்று.

கத்தரி படத்தின் நீளத்தைக் குறைப்பது. பூட்டு, வாங்கிய படத்தை வெளியிடாமல் அறையில் வைப்பது. முரசு விளம்பரம். படம் வந்திருக்கிறது என்று ஊரறியச் சாற்றினால் கூட்டம் வரும், சாற்றாவிட்டால் வாராது. இம்மூன்றுள் கத்தரி ஒன்றே வெளிப்படையானது. மற்ற இரண்டும் அமைதியாக வேலை செய்வன. வெட்டினால் இயக்குநர் முறையிடுவார், செய்தித்தாளில் வரும். பூட்டினாலோ, முரசை அடிக்காமல் விட்டாலோ, நடந்ததென்ன என்பதே பலருக்குத் தெரியாது.

இம்மூன்றையும் ஒருங்கே ஆண்டவர் அமெரிக்க விநியோகஸ்தர் ஹார்வி வைன்ஸ்டீன். 1979-இல் தம் தம்பி பாப் உடன் சேர்ந்து, தாய் மிரியம், தந்தை மாக்ஸ் ஆகியோர் பெயர்களை இணைத்து, மிராமாக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய முரசின் திறமையை மறைப்பது நேர்மையன்று. ஸ்டீவன் சோடர்பர்க் என்ற இளைஞர் ஏறத்தாழ 12 இலட்சம் டாலர் செலவில் எடுத்த ‘செக்ஸ், லைஸ், அண்ட் வீடியோடேப்’ என்ற படம் 1989-இல் கான் திரைப்பட விழாவின் தலையாய விருதைப் பெற்றது. மிராமாக்ஸ் அதனை விநியோகித்தது. அமெரிக்காவில் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று. சிறு படமும் பெருங்கூட்டம் சேர்க்கும் என்பதை அது காட்டிற்று. 1993-இல் டிஸ்னி கம்பெனி மிராமாக்ஸை வாங்கியது.

அதே கையில் பூட்டும் இருந்தது. சீன இயக்குநர் சாங் யிமோவின் ‘ஹீரோ’ என்ற படம் 2002-இல் சீனாவில் வெளிவந்தது. அமெரிக்க உரிமையைப் பெற்றிருந்த மிராமாக்ஸ் அதனை உடனே வெளியிடவில்லை. ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழித்து, 2004 ஆகஸ்டில்தான் கதவு திறந்தது. நிகழ்ந்தது என்ன? வெளியான முதல் வாரமே வசூலில் முதலிடம் பெற்றது. மொத்தத்தில் 5 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கூட்டம் அந்த இரண்டாண்டுகளில் புதிதாகப் பிறந்துவிட்டதா? அன்று, காத்திருந்தது கூட்டமே. ஸ்டீபன் சௌவின் ‘ஷாலின் சாக்கர்’ என்ற ஹாங்காங் படத்திற்கும் இதே நிலை. 2001-இல் வந்த அப்படம், நாள் பல தள்ளிப் போடப்பட்டு, வெட்டிக் குறைக்கப்பட்டு, 2004-இல் அமெரிக்க அரங்கேறியது. அதற்குள் சூடு ஆறிவிட்டிருந்தது.

கத்தரிக்கு அஞ்சியவர்கள் முன்னெச்சரிக்கையும் செய்தனர். ஜப்பானிய மேதை ஹயாவோ மியாசாக்கியின் ‘பிரின்சஸ் மோனோனோக்கே’ 1997-இல் தன் தாய்நாட்டில் வசூல் சாதனை படைத்த படம். அமெரிக்காவில் அதனை வெளியிட மிராமாக்ஸ் முன்வந்தபோது, ஒரு காட்சியும் வெட்டலாகாது என்பது படைத்தவர்களின் உறுதி. அவ்வுறுதியை நினைவூட்ட, தயாரிப்பாளர் சுசூக்கி வைன்ஸ்டீனிடம் ஜப்பானிய வாள் ஒன்றைக் கொடுத்தார் என்பது இன்று உலகறிந்த கதை. வாள் கத்தரியைத் தடுத்தது. ஆனால் பூட்டையும் முரசையும் வாளால் தடுக்க இயலுமோ? 1999-இல் வெட்டுப்படாமல் வெளிவந்த அப்படம் குறுகிய அளவிலேயே காட்டப்பட்டது. அமெரிக்க அரங்க வருவாய் 20 இலட்சம் டாலரைச் சற்றே கடந்தது. வெட்டாதே என்று கேட்டவர்க்கு முழுப் படம் கிடைத்தது. அகன்ற தெரு கிடைக்கவில்லை.

பனிவண்டியின் கதை

இனி நம் தலைமை எடுத்துக்காட்டிற்கு வருவோம். கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ ‘ஸ்னோபியர்சர்’ என்ற படத்தை எடுத்தார். பிரெஞ்சுச் சித்திரக்கதை ஒன்றைத் தழுவியது அது. உலகம் பனியில் உறைந்துவிடுகிறது. எஞ்சிய மாந்தர் ஒரே தொடர்வண்டியில் ஏறி, நில்லாமல் உலகைச் சுற்றி வருகின்றனர். கடைசிப் பெட்டியில் ஏழைகள், முன்பெட்டிகளில் செல்வர். கடைசிப் பெட்டியினர் கிளர்ந்தெழுந்து, பெட்டி பெட்டியாகப் போராடி முன்னேறுகின்றனர். வண்டியே சமுதாயம், பெட்டியே வகுப்பு. இவ்வளவு எளிய உவமையை வைத்துக்கொண்டு இவ்வளவு ஆழமாகச் செல்லலாம் என்பதே படத்தின் வெற்றி.

பெட்டிகளுள் ஒன்று பள்ளிக்கூடம். ஆசிரியை ஒருத்தி இன்முகத்துடன் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். பாட்டின் பொருள், வண்டியின் தலைவனைப் போற்றுவதும், எந்திரம் நின்றால் நாம் அனைவரும் மாள்வோம் என்பதுமே. சண்டைக்கு நடுவே வரும் இக்காட்சி சிரிப்பூட்டும். பிறகு நெஞ்சைக் கலக்கும். கொடுமையை நிலைநாட்டுவது கோடரி மட்டுமன்று, பாடப் புத்தகமும்தான் என்பதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது. ஆசிரியப் பணியில் உள்ளோர் இக்காட்சியை எளிதில் மறவார்.

இப்படம் 2013 ஆகஸ்டில் கொரியாவில் வெளியாயிற்று. 90 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றன. அமெரிக்கா முதலிய நாடுகளின் உரிமையை, மிராமாக்ஸை விட்டு வெளியேறி வைன்ஸ்டீன் தம் பெயரால் தொடங்கியிருந்த புதுக் கம்பெனி முன்னரே வாங்கியிருந்தது. வாங்கியவர் கேட்டது, ஏறத்தாழ இருபது நிமிடம் குறைக்க வேண்டும் என்பது. பேச்சைக் குறைத்துச் சண்டையைக் கூட்டுக என்பதே அக்கேட்பின் சாரம்.

போராட்டத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. கோடரி ஏந்திய காவலர், சண்டை தொடங்குமுன் ஒரு மீனைக் கீறும் காட்சி படத்தில் வருகிறது. ஏன் என்று சொல்லப்படவில்லை. ஆயினும் கண்டோர் உடல் சிலிர்க்கும். விநியோகஸ்தர் அதனை வெட்டச் சொன்னார். போங் உடனே, தம் தந்தையார் ஒரு மீனவர் என்றும், அக்காட்சியைத் தந்தைக்குக் காணிக்கையாக வைத்ததாகவும் சொன்னார். வைன்ஸ்டீன் மனமிரங்கி மீனை விட்டுவிட்டார். தந்தையார் மீனவர் என்பது பொய். அதனைப் போங்கே 2019-இல் சிரித்துக்கொண்டு வெளியிட்டார்.

நாமும் சிரிக்கலாம். ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நிற்கும். கலைக்காக அசையாத கத்தரி, தந்தைக்கு வேண்டும் என்றவுடன் அசைந்தது. படைப்பவன் தன் படைப்பின் ஒரு துண்டைக் காப்பாற்ற, இல்லாத தந்தைத் தொழிலைச் சொல்லி இரக்க நேர்ந்தது. பொய் சொன்னவர் மேல் குறையா, பொய்யின்றி வழியில்லாமல் செய்த அமைப்பின் மேல் குறையா?

முடிவில் போங் முழுப்படத்தையே வெளியிடச் செய்தார். வெட்டவில்லை, ஆனால் விலை கொடுத்தார். பேரளவில் வெளிவர வேண்டிய படம் வைன்ஸ்டீன் கம்பெனியின் சிறு கிளையாகிய ரேடியஸ் கைக்கு மாற்றப்பட்டது. 2014 ஜூன் 27-ஆம் நாள் அமெரிக்காவில் வெறும் 8 அரங்குகளில் வெளியாயிற்று. பின்னர் சில நூறு அரங்குகளுக்குப் பரவிய சிறிது காலத்திலேயே வீட்டுத் திரைக்கும் அனுப்பப்பட்டது. அரங்க வருவாய் 45 இலட்சம் டாலர் அளவே. வீட்டிலிருந்தபடி கட்டணம் செலுத்திப் பார்த்தோர் தந்த பணமோ அதனையும் விஞ்சியது. பார்க்க விரும்பியோர் இருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஐந்தாண்டுகட்குப் பின்

இங்கே நின்றுவிட்டால், ஒருவர் மறுக்கலாம்: “அப்படத்தில் உண்மையிலேயே குறையிருந்திருக்கலாம், பேரளவில் வந்திருந்தாலும் தோற்றிருக்கலாம்” என்று. வரலாறு நமக்கு ஒரு மறு சோதனையைத் தந்திருக்கிறது.

2019-இல் அதே போங் ‘பாரசைட்’ என்ற படத்தைக் கொணர்ந்தார். ஒட்டுண்ணி என்பது பொருள். மண்ணுக்குள் பாதி புதைந்த வீட்டில் வாழும் ஏழைக் குடும்பம் ஒன்று, மேட்டில் மாளிகை கட்டி வாழும் செல்வக் குடும்பத்தில் சூழ்ச்சியால் நுழைவதே கதை. பொருள் பழையதே. வண்டியில் முன்பின்னாக இருந்த வகுப்பு வேற்றுமை இங்கே மேல்கீழாக நிற்கிறது.

வணிகக் கணக்குப்படி பார்த்தால் அமெரிக்காவில் எது ஓடியிருக்க வேண்டும்? ஸ்னோபியர்சரில் பெரும்பகுதி பேச்சு ஆங்கிலம்; தலைமை நடிகர் கிறிஸ் எவன்ஸ் அந்நாட்டுப் பிள்ளைகள் கொண்டாடும் வீரர்; சண்டைக்கும் குறைவில்லை. பாரசைட்டிலோ பேச்சு முழுவதும் கொரியம். நடிகர்களை அந்நாட்டுப் பொதுமக்கள் அறியார். பார்ப்போர் திரையின் அடியில் மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயினும் முன்னது 45 இலட்சம் டாலரில் நின்றது. பின்னது 5 கோடியே 30 இலட்சத்தைக் கடந்தது. 2020 பிப்ரவரியில் நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஆங்கிலமல்லாத மொழிப்படம் ஒன்று ஆண்டின் சிறந்த படம் என்னும் விருதை வென்றது அதுவே முதல் முறை.

இடையில் மாறியது யாது? விநியோகம் மாறியது. 2017-இல் தோன்றிய நியான் என்ற சிறு கம்பெனி பாரசைட்டை ஏற்றது. அதுவும் முதலில் 3 அரங்குகளில்தான் வெளியிட்டது. ஆனால் ஒதுக்கி வைக்கும் எண்ணத்தால் அன்று. ஊன்றி வளர்க்கும் எண்ணத்தால். கண்டோர் சொல்லச் சொல்ல அரங்குகளைக் கூட்டியது. விருதுக்குப்பின் ஏறத்தாழ 2000 அரங்குகளில் ஓடச் செய்தது. ஒரே நாற்றை ஒருவர் சாலையோரம் நட்டார். மற்றவர் நீர் பாய்ச்சி வயலில் நட்டார். முன்னது வாடினால் நெல்லின் சாதியைக் குறை கூறலாமோ?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. நியானைத் தொடங்கியோருள் முதன்மையான டாம் குவின், முன்னர் ரேடியஸ் கிளையை நடத்தியவர்களுள் ஒருவர். ஸ்னோபியர்சரையும் அவரே வெளியிட்டார். எனவே இயக்குநரும் அவரே; வெளியிட்டவரும் அவரே. தலைமைத் திறவுகோல் யார் கையில் இருந்தது என்பதே பெரிய வேறுபாடு. ஆண்டும் வேறு, படமும் வேறு என்பது மெய்தான். ஆயினும் கலையுலகில் இதைவிட நெருங்கிய ஒப்பீடு எளிதிற் கிடைக்காது.

வைன்ஸ்டீனின் முடிவையும் நாம் அறிவோம். 2017 அக்டோபரில், பெண்கள் பலர் அவர்மீது கூறிய பாலியல் குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. 2018 மார்ச்சில் கம்பெனி திவால் மனுச் செய்தது. அவர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பும் பெற்றார். கலைஞர்களின் வாழ்வையும் தாழ்வையும் ஒருவர் கையில் குவித்தால், அவர் குற்றத்தைக் கண்டும் பலர் வாய் திறவார் என்பது அதனால் விளங்கிய பாடம். திறவுகோலின் வலிமை திரையோடு நிற்பதில்லை.

மறுப்புகளும் விடைகளும்

விநியோகஸ்தர் தரப்பிலும் நியாயம் உண்டு. அதனைக் கூறாமல் விடுவது திறனாய்வு ஆகாது. பணம் போடுபவர் அவர். தோற்றால் இழப்பவரும் அவர். மேலும், கத்தரி எப்போதும் தீங்கு செய்வதில்லை. இத்தாலிய இயக்குநர் ஜியூசெப்பே தொர்னத்தோரேயின் ‘சினிமா பாரடைசோ’ முதலில் ஏறத்தாழ 155 நிமிடங்கள் ஓடியது. 1988-இல் தன் நாட்டிலேயே வரவேற்பின்றி நின்றது. முப்பது நிமிட அளவு குறைத்தபின் கான் விழாவில் பரிசும், ஆஸ்கார் விருதும் பெற்று உலகைக் கவர்ந்தது. ஆகவே, இயக்குநர் எடுத்ததெல்லாம் திருவாக்கு என்று யாம் கூறவில்லை.

ஆனால் வேற்றுமையைக் காண்க. குறைப்பது படத்தின் கட்டுக்கோப்பை எண்ணியா, வாங்குவோர் பொறுமையிலர் என்ற முன்முடிவை எண்ணியா என்பதே வினா. வெட்டுக்கு இசையாத படத்தைச் சிற்றரங்குக்குத் தள்ளுவது திருத்தமன்று, ஒறுப்பு. இழப்புக்கு அஞ்சுகிறவர் தாம் வாங்கிய சரக்கைத் தாமே மறைத்து வைப்பாரோ?

போங்கும் எப்போதும் நலிந்தோர் பக்கமே நின்றவர் அல்லர். 2006-இல் அவருடைய ‘தி ஹோஸ்ட்’ என்ற படம் கொரியாவில் 620 திரைகளில் வெளியாயிற்று. நாட்டிலிருந்த திரைகளுள் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கிம் கி-டுக் என்ற மற்றோர் இயக்குநர், சிறு படங்களுக்கு இடமே இல்லாமற் போயிற்று என்று வெளிப்படையாகக் குறைகூறினார். ஸ்னோபியர்சருக்குப் பொருள் தந்த கொரியப் பெருங்கம்பெனியும் தன் நாட்டில் அரங்குகளின் பெருஞ்சங்கிலி ஒன்றை உடையது. அமெரிக்காவில் கதவுக்கு வெளியே நின்றவர், தம் ஊரில் கதவுக்கு உள்ளே இருந்தார். இதனால் போங்கின் பெருமை குறைந்துவிடாது. ஆனால் குற்றம் தனியொருவர் குணத்தில் மட்டும் இல்லை, திறவுகோல்கள் ஒரு வளையத்தில் கோக்கப்படுவதில் உள்ளது என்பது தெளிவாகும்.

திறனாய்வாளர்க்கு ஒரு சொல்

தமிழ் பயில்வோராகிய நமக்கு இச்சிக்கல் அயலானது அன்று. பழந்தமிழ் நூல்கள் ஏட்டில் வாழ்ந்த காலத்தில், ஏடு பெயர்த்து எழுதுவோர் கையில்தான் நூலின் உயிர் இருந்தது. எழுதப்பெற்றது வாழ்ந்தது; எழுதப்பெறாதது செல்லரித்தது. அழிந்த நூலைச் சுவையற்ற நூல் என்று எந்தப் புலவரும் கூறியதில்லை. நமக்குக் கிட்டாத நூல் என்றே கூறினர். கிடைத்த நூலிலும், இது மூலபாடமா, இடைச்செருகலா, விடுபட்ட பகுதி உண்டா என்று பல ஏடுகளை ஒப்பு நோக்கிய பிறகே பதிப்பாசிரியர்கள் துணிந்தனர்.

அந்த நேர்மையைத் திரைப்படத்திற்கும் காட்டுவோம். படம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுமுன் மூன்று வினாக்களை விடுப்போம். நாம் கண்டது எந்தப் பிரதி? அது எத்தனை இடங்களில், எத்தனை நாட்கள் காட்டப்பட்டது? அதற்காக முரசு அடித்தவர் உண்டா? இம்மூன்றுக்கும் விடை தேடாமல் “மக்கள் விரும்பவில்லை” என்று எழுதும் திறனாய்வாளர், தம்மை அறியாமலே விநியோகஸ்தரின் கணக்குப் பிள்ளை ஆகிவிடுகிறார்.

மாணவர்க்குப் படம் காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இன்று பலர். அவர்கள் வெற்றிப் படங்களோடு, பூட்டிய கதவின் பின் நின்ற படம் ஒன்றையும் தேடிக் காட்டுவாராக. இன்று அரங்கம் மட்டுமே வழியன்று. வீட்டுத் திரையில் தேடினால் கிடைக்கும் படங்கள் உள. ஆனால் அங்கும் முதற் பக்கத்தில் எது தோன்ற வேண்டும், எது அடியில் புதைய வேண்டும் என்று முடிவு செய்பவர் ஒருவர் இருக்கிறார். பூசாரியின் உடை மாறியிருக்கிறது, கதவு மறையவில்லை.

வாசகர் கையில் பெரிய வலிமை இல்லை என்பது உண்மையே. ஆயினும் நல்ல படம் ஒன்று எட்டே அரங்குகளில் வந்தபோது, ஒன்பதாவது அரங்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பவர் பெருகினால், மக்கள் பெயரால் தீர்ப்பெழுதுவோர் கை சற்றே தயங்கும். அத்தயக்கம்கூட ஒரு தனிப்படத்தைக் காப்பாற்றக் கூடும்.